கைத்தொலைபேசியில் கணக்கு விளையாட்டு: பிள்ளைக்குக் கைகொடுக்குமா?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று தான் இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது காணி, வீடு, கிணறு, மாடு, நீரிறைக்கும் இயந்திரம், விதைநெல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். நட்டஈட்டுப் படிவங்களிலும் இவற்றுக்கே இடம் உண்டு. பிள்ளை இழந்துபோன பாடங்களை எழுதுவதற்கு அப்படிவங்களில் இடமில்லை. ஆனால் அந்த இழப்பும் காணி இழப்பைப் போன்றே பல ஆண்டுகள் தொடர்ந்து வருவதாகும்.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள், 2008, 2009 ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தவர்கள் ஆகிய அனைவருமே இதை அறிவார்கள். அதன் பின்னரும் 2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மீண்டும் மூடப்பட்டன. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் எல்லாப் பாடங்களையும் தவறவிட்டார்கள். எனினும் கணிதத்தில் ஏற்பட்ட பள்ளமே நிரப்புவதற்கு மிகக் கடினமாயிற்று.

இதற்குக் காரணம் உண்டு. சரித்திரத்தில் ஒரு அத்தியாயத்தைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த அத்தியாயத்தை வாசித்து விளங்கிக்கொள்ளலாம். கணிதமோ கிணற்றுப் படிக்கட்டைப் போன்றது. இடப்பெறுமானம் விளங்காதவனுக்குப் பெருக்கல் வராது. பெருக்கல் வராதவனுக்குப் பின்னம் வராது. பின்னம் வராதவனுக்கு அட்சரகணிதம் இருட்டறையாகும். ஐந்தாம் தரத்தில் தவறிய படி ஒன்று, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் வந்து காலை இடறுகிறது.

இந்நிலையில், கைத்தொலைபேசியிலும் கணினியிலும் உள்ள கணித விளையாட்டுகள் இப்பள்ளத்தை நிரப்ப உதவுமா என்று பெற்றார் பலர் கேட்கின்றார்கள். வேறு சிலரோ, "போனைக் குடுத்தால் பிள்ளை கெட்டுப் போகும்" என்று அஞ்சுகின்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. உலகின் பல இடங்களில் இது பரீட்சித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றது. அங்கு கண்ட பயனையும் படிப்பினையையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சந்தையில் வரும் கணக்கு, கொப்பியில் ஏன் வருவதில்லை?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். கணக்கில் குறைந்த புள்ளி எடுக்கும் பிள்ளைக்குக் "கணக்கு மூளை" இல்லை என்று நாம் சொல்லிவிடுகின்றோம். பிரேசில் நாட்டின் றெசிபே நகரில் செய்யப்பட்டு 1985இல் வெளியான ஆய்வு ஒன்று இதை மறுக்கின்றது. தெரேசினா நூனெஸ், டேவிட் கராகர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும், தெருவிலும் சந்தையிலும் தேங்காய், பழம் முதலியன விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் பொருள் வாங்குபவர்களைப் போன்று கணக்குக் கேட்டார்கள். அங்கு 100க்கு 98 என்ற அளவில் விடைகள் சரியாக இருந்தன. பின்னர் அதே வகையான கணக்குகளைக் கடதாசியில் எண்களாக மாத்திரம் கொடுத்தார்கள். சரியான விடை 100க்கு 37ஆக விழுந்துவிட்டது.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனிடம், ஒரு தேங்காய் 35 குருசேரோ என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்கப்பட்டது. மூன்று தேங்காய் 105 என்பது அவனுக்கு மனப்பாடம். இன்னும் மூன்று சேர்த்து 210, மேலும் மூன்று சேர்த்து 315, மிஞ்சிய ஒன்றையும் சேர்த்து 350 என்று அவன் சொன்னான். நான்கு தேங்காய்க்கும் 140 என்று வாயால் சரியாகச் சொன்னான். ஆனால் 35ஐ 4ஆல் பெருக்கு என்று கடதாசியில் கொடுத்தபோது அவனுக்கு வந்த விடை 200. நாலைந்து இருபது, கையில் இரண்டு. அந்த இரண்டை மூன்றுடன் முதலிலேயே கூட்டி ஐந்தாக்கி, அதை நான்கால் பெருக்கிவிட்டான். பாடசாலையில் கற்ற முறையின் ஒழுங்கு மாறிவிட்டது. அவ்விடை பொருத்தமானதா என்று சந்தை அறிவைக் கொண்டு பார்க்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

இது பிரேசிலுக்கு மாத்திரம் உரிய கதையன்று. கொல்கத்தா, டில்லி நகரச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2025இல் வெளியாயிற்று. அப்பிள்ளைகள் வியாபாரத்தில் சிக்கலான கணக்குகளை மனதாலேயே செய்தார்கள். பாடசாலை முறையில் கேட்ட எளிய கணக்குகளில் தடுமாறினார்கள். மறுபுறத்தில், பாடசாலைக்கு ஒழுங்காகச் சென்ற பிள்ளைகள் கொப்பிக் கணக்கைச் செய்தார்கள். சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

நம் வாசகர்களுக்கு இது புதினமாக இராது. வெங்காயம் நிறுக்கும்போதும், அரை அந்தர் யூரியா எத்தனை கன்றுக்குக் காணும் என்று பார்க்கும்போதும் கணக்குப் பார்க்கும் பிள்ளை, வகுப்பில் வாய் திறக்காது இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அப்பிள்ளையிடம் கணக்கு உண்டு. அது ஒரு கரையில் நிற்கின்றது. பாடசாலைக் கணிதம் மறுகரையில் நிற்கின்றது. இடையில் பாலம் இல்லை. நல்ல விளையாட்டு ஒன்று அந்தப் பாலமாக அமையக்கூடும்.

சூடானில் பாடசாலை இல்லாத கிராமங்கள்

இவ்வாறான பாலம் ஒன்றைக் கட்டிப் பார்த்த நாடு சூடான். அங்கு பாடசாலையே இல்லாத கிராமங்களில் வாழும் பிள்ளைகளுக்காக, ஒல்லாந்தைச் சேர்ந்த வார் சைல்ட் என்னும் நிறுவனம், அந்நாட்டுக் கல்வி அமைச்சுடனும் பெண்களுக்கான அஃபாத் பல்கலைக்கழகத்துடனும் இணைந்து 2012இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கணித விளையாட்டு ஒன்று பலகைக் கணினியில் ஏற்றப்பட்டு, வட கொர்டோபான் மாநிலத்துக் கிராமங்களில் பிள்ளைகளின் கைகளில் கொடுக்கப்பட்டது. மின்சாரம் இல்லாத இடங்களாதலால் சூரிய ஒளியில் மின்னேற்றும் வசதியும் செய்யப்பட்டது.

அவ்விளையாட்டின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அதில் அரக்கர்களும் இல்லை, துப்பாக்கிகளும் இல்லை. அந்நாட்டுப் பிள்ளைகள் கண்டறிந்த உலகமே அதில் இருந்தது. ஆடு மேய்ப்பவர், சமையல் செய்பவர், உழவு இயந்திரம் ஓட்டுபவர் போன்ற தொழில்களை அடைய விரும்பும் பிள்ளைகளுக்கு, கணக்குச் செய்து உதவுவது ஒரு பகுதி. கடை ஒன்றில் பொருள்களை வாங்குவதும் விற்பதும் இன்னொரு பகுதி. புதிய பாடம் வரும்போது, வயதில் சற்று மூத்த பிள்ளைகள் அரபு மொழியில் விளங்கப்படுத்தும் சிறு காட்சி தோன்றும். ஒரு படியைச் சரியாக விளங்கிக்கொண்ட பின்னரே அடுத்த படி திறக்கும். விரைவாகக் கற்கும் பிள்ளை முன்னே போகலாம். மெதுவாகக் கற்கும் பிள்ளையை எவரும் ஏளனம் செய்வதில்லை.

பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் அங்கு இருக்கவில்லை. கிராமத்தவர் ஒருவரே பயிற்சி பெற்று, பிள்ளைகளைக் கூட்டி, கருவிகளைக் கொடுத்து வாங்கி, ஊக்கப்படுத்தினார். முதற் பரீட்சார்த்தம் ஆறு கிழமை நடைபெற்றது. அதன் பின்னர் மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 600 பிள்ளைகளுடன் ஆறு மாதம் நடத்தப்பட்டது. விளையாட்டின் மூலம் கற்ற பிள்ளைகள், அவ்வாய்ப்பைப் பெறாத பிள்ளைகளைவிட எண்ணறிவிலும் கூட்டல், கழித்தலிலும் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். இத்திட்டம் பின்னர் லெபனான், ஜோர்தான், உகண்டா முதலிய நாடுகளில் அகதிப் பிள்ளைகளையும் சென்றடைந்தது.

சூடானின் துயரம் இதனுடன் தீர்ந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் அங்கு மூண்ட போர் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களை இடம்பெயரச் செய்தது. ஒரு விளையாட்டுக் கருவி போரை நிறுத்தாது; பாடசாலைக்கு ஈடாகவும் மாட்டாது. ஆனால் பாடசாலை கிடைக்கும் வரை பிள்ளையின் படிக்கட்டு முழுவதும் இடிந்துவிடாமல் தாங்கி நிற்கலாம் என்பதை அக்கிராமங்கள் காட்டின.

தன்சானியாவின் தங்கா பகுதியிலும் இதையொத்த முயற்சி நடந்தது. ஏறத்தாழ 170 கிராமங்களில், பெரும்பாலும் பாடசாலையையே கண்டிராத பிள்ளைகளுக்குச் சுவாகிலி மொழியில் எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் கருவிகள் வழங்கப்பட்டன. பதினைந்து மாதங்களின் பின்னர் பிள்ளைகள் வாசிப்பிலும் எண்ணறிவிலும் முன்னேறியிருந்தார்கள். இப்போட்டியின் பரிசு 2019இல் இரண்டு குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. சூடானில் அரபு, தன்சானியாவில் சுவாகிலி என இரு நாடுகளிலும் பிள்ளைகளுக்கு விளங்கும் மொழியிலேயே விளையாட்டு அமைந்திருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

விளையாட்டு எவ்வாறு கற்பிக்கின்றது?

விளையாட்டுக்கு மூன்று நன்மைகள் உண்டு.

முதலாவது, பிழைக்குத் தண்டனை இல்லை. வகுப்பில் பிழை விட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். பல மாதம் பாடசாலையைத் தவறவிட்டு, தன்னிலும் சிறிய பிள்ளைகளுடன் இருந்து படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய வேதனை. விளையாட்டிலோ பிழை விட்டால் மீண்டும் ஆடலாம்.

இரண்டாவது, விடை உடனே தெரிகின்றது. இன்று செய்த கணக்கு பிழை என்று அடுத்த கிழமை அறிவதிலும், அந்த நிமிடத்திலேயே அறிவது நன்று. பிழையான முறை மனதில் வேரூன்றுமுன் பிடுங்கிவிடலாம். களையை முளையிலே எடுப்பது போன்றது இது.

மூன்றாவது, அலுப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்யலாம். பெருக்கல் வாய்பாட்டை நூறு தடவை எழுது என்றால் அழும் பிள்ளை, அதே பெருக்கலை விளையாட்டில் இருநூறு தடவை செய்யும்.

சற்று மூத்த மாணவருக்கும் விளையாட்டுகள் உண்டு. நோர்வேயில் 2012இல் வெளிவந்த டிராகன் பொக்ஸ் என்னும் விளையாட்டில், திரையின் இரண்டு பக்கங்களிலும் படங்கள் இருக்கும். ஒரு பெட்டியைத் தனியாக்குவதே ஆட்டம். ஒரு பக்கத்தில் எதைச் சேர்த்தாலும் மறுபக்கத்திலும் சேர்த்தல் வேண்டும். ஆட்டம் செல்லச் செல்லப் படங்கள் எழுத்துகளாகவும் எண்களாகவும் மாறுகின்றன. பிள்ளை தான் அறியாமலே சமன்பாட்டைத் தீர்க்கும் விதியைப் பழகிக்கொள்கின்றது. தராசின் இரண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும் என்பது நம் சந்தைப் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விடயமன்று.

கருவி மாத்திரம் போதுமா?

போதாது. இதற்குப் பெரு நாடு சாட்சி. அங்கு அரசாங்கம் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக வாங்கியது. நாட்டுப்புறப் பாடசாலைகளில் நடத்திய மதிப்பீடு 2012இல் வெளியானபோது, கணிதப் புள்ளிகளிலும் மொழிப் புள்ளிகளிலும் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. கருவி வந்தது, அதைக் கொண்டு எதை, எவ்வாறு, யாருடைய துணையோடு கற்பது என்பது வரவில்லை. உழவு இயந்திரத்தை வாங்கி வளவில் நிறுத்தினால் வயல் உழுபடாது.

இன்னொரு படிப்பினை டில்லியிலிருந்து கிடைக்கின்றது. அங்குள்ள 214 முன்பள்ளிகளில் 1,540 பிள்ளைகளுடன் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. எண்ணிக்கையை மதிப்பிடுதல், வடிவங்களை ஒப்பிடுதல் போன்ற விளையாட்டுகளைப் பிள்ளைகள் சில மாதங்கள் ஆடினார்கள். அவ்விளையாட்டுகளில் பழகிய திறமை ஒரு வருடத்தின் பின்னரும் நிலைத்திருந்தது. ஆனால் முதலாம் வகுப்பில் எண்களை எழுதிச் செய்யும் கணிதத்தில் அதனால் நிலையான நன்மை ஏற்படவில்லை. விளையாட்டை எழுத்துக் கணிதத்துடன் இணைக்காவிட்டால், விளையாட்டில் கற்றது விளையாட்டிலேயே நின்றுவிடுகின்றது. றெசிபே நகரின் தேங்காய்க் கணக்கு சந்தையிலேயே நின்றுவிட்டது போன்றதுதான் இதுவும்.

ஆகவே பாலத்தின் மறுமுனையைக் கட்ட ஒரு மனிதர் வேண்டும். அவர் கணித ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. தாயாக இருக்கலாம், அம்மம்மாவாக இருக்கலாம், உயர்தரம் படிக்கும் பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். அவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். "என்னண்டு பிள்ளை இந்த விடை வந்தது?" என்பது முதலாவது. "இதைக் கொப்பியில எப்பிடி எழுதுவாய்? எழுதிக் காட்டு பாப்பம்" என்பது இரண்டாவது. எழுத வாசிக்கத் தெரியாத தாயும் இவ்விரண்டையும் கேட்கலாம். விடை சரியா பிழையா என்று தாய்க்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. விளங்கப்படுத்தும்போது பிள்ளை தன் பிழையைத் தானே காணும்.

நல்ல விளையாட்டை இனங்காண்பது எப்படி?

கைத்தொலைபேசியில் "கணித விளையாட்டு" என்ற பெயரில் எத்தனையோ கிடைக்கின்றன. பிள்ளையின் கையில் கொடுக்குமுன் பெரியவர் ஒருவர் கால்மணி நேரம் தானே ஆடிப் பார்த்தல் வேண்டும். கவனிக்க வேண்டியவை இவை:

1. கணக்குத் தெரியாமல் வெல்ல முடியுமா? கண்ட இடத்தில் தட்டித் தட்டியே முன்னேறலாம் என்றால் அது கணித விளையாட்டு அன்று.

2. பிழை விட்டால் காரணத்தைக் காட்டுகின்றதா? "பிழை" என்று சத்தமிட்டு விட்டுவிடும் விளையாட்டிலும், பொருள்களையோ எண்கோட்டையோ காட்டி விளக்கும் விளையாட்டு மேலானது.

3. பிள்ளையை அவசரப்படுத்துகின்றதா? அடிப்படை விளங்காத பிள்ளைக்கு மணிக்கூட்டை ஓடவிடுவது பயத்தையே வளர்க்கும். விளங்கிய பின்னர் வேகம் பழகலாம்.

4. விளம்பரம் வருகின்றதா? பணம் கேட்கின்றதா? இலவசம் என்று தொடங்கி, இடையில் பொருள் வாங்கச் சொல்லும் விளையாட்டுகள் பல உண்டு. பிள்ளை அறியாமல் தட்டினால் தொலைபேசியில் போட்ட பணம் போய்விடும். அவ்வாறானவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

5. இணையம் இல்லாமல் இயங்குமா? ஒரு முறை இறக்கிக்கொண்டால் பின்னர் டேற்றாச் செலவின்றி ஆடக்கூடியதே நமக்கு ஏற்றது. 2021இல் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் மரத்திலும் மலையிலும் ஏறிய செய்திகளை நாம் மறக்கவில்லை.

இந்நிபந்தனைகளுக்குப் பொருந்தும் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம். 2000ஆம் ஆண்டில் பிரான்சில் தொடங்கப்பட்ட ஜீகொம்ப்ரி என்பது சிறு விளையாட்டுகள் பலவற்றின் தொகுதியாகும். "எனக்கு விளங்கிவிட்டது" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்றொடரின் ஒலியில் இப்பெயர் அமைந்தது. இது முற்றிலும் இலவசம், விளம்பரம் இல்லை, இணையம் இன்றி இயங்கும், பழைய கணினிகளிலும் ஓடும். தராசில் படியைச் சமன் செய்வதும், காசு கொடுத்துப் பொருள் வாங்குவதும் இதில் விளையாட்டுகளாக உள்ளன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் கல்வித் தளத்தில் தமிழ் மொழிமூலப் பாடங்களும் இருக்கின்றன. பாடசாலையிலோ நூலகத்திலோ இணைய வசதி இருந்தால் பொறுப்பானவரிடம் கேட்டு இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகின்றோம். இதற்காக எவரும் கடன்பட்டுப் புதிய கருவி வாங்க வேண்டாம். தவணைக் கட்டணத்துக்கும் நுண்கடனுக்கும் அகப்பட்ட குடும்பங்களின் கண்ணீர் நமக்குத் தெரியும். வீட்டில் ஏற்கெனவே உள்ள தொலைபேசி போதும். அதுவும் இல்லையெனில், கீழே சொல்லப்படும் மட்டை விளையாட்டு எந்த வகையிலும் குறைந்ததன்று.

பல பிள்ளைகளுக்கு ஒரு கருவி

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரேயொரு தொலைபேசிதான் உண்டு என்று மனம் தளர வேண்டாம். பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் தட்ட, மற்றவர் கொப்பியில் அதே கணக்கை எழுத வேண்டும். பத்து நிமிடத்தில் இடம் மாற வேண்டும். இதனால் விளையாட்டும் எழுத்துக் கணிதமும் தாமாகவே இணைந்துவிடுகின்றன. காத்திருக்கும் பிள்ளைகள் மட்டை விளையாட்டை ஆடலாம்.

ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு இருபது முப்பது நிமிடம் போதுமானது. கிழமையில் ஒரு நாள் மூன்று மணி நேரம் ஆடுவதிலும் நாள்தோறும் சிறிது நேரம் ஆடுவதே நன்மை தரும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பொறுத்தவரையில், இரண்டு முதல் நான்கு வயது வரையானோர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கலாகாது என்றும், அதிலும் குறைவது நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. இரவில் பிள்ளை தனித்திருந்து தொலைபேசி பார்க்க விடாதீர்கள். எல்லோர் கண்ணிலும் படும் விறாந்தையே விளையாட்டுக்கு உகந்த இடம்.

பெண்பிள்ளைகளின் முறையும் தவறாது வருகின்றதா என்று பாருங்கள். தண்ணீர் அள்ளவும் தம்பி தங்கையைப் பார்க்கவும் அவர்களை அனுப்பிவிட்டு, கருவியை ஆண்பிள்ளைகளின் கையில் விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு.

தொலைபேசி இல்லாத வீட்டில்

கணினி விளையாட்டின் பயனுள்ள பகுதி பல வேளைகளில் மட்டையிலும் செய்யத்தக்கதே. அமெரிக்காவில் றொபேட் சீக்லர், கீதா றமணி ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. வருமானம் குறைந்த குடும்பங்களின் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு, 1 முதல் 10 வரை எண்ணிட்ட பெட்டிகள் நேர்கோட்டில் அமைந்த மட்டை ஒன்று கொடுக்கப்பட்டது. இரண்டு கிழமைக்குள் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ கால்மணி நேரம் ஆடினார்கள். அவ்வளவிலேயே அவர்களின் எண்ணறிவு முன்னேறியது. ஒன்பது கிழமையின் பின்னரும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறங்கள் தீட்டிய மட்டையில் ஆடிய பிள்ளைகளிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை.

இதை நீங்களும் செய்யலாம். பழைய காட்போட் மட்டையில் பத்துப் பெட்டிகளை இடமிருந்து வலமாக ஒரே அளவில் கீறி, 1 முதல் 10 வரை எழுதுங்கள். புளியங்கொட்டை ஒன்றை உரைத்து ஒரு பக்கம் வெள்ளையாக்கிக் கொள்ளுங்கள். கறுப்பு விழுந்தால் ஒரு பெட்டி, வெள்ளை விழுந்தால் இரண்டு பெட்டி. ஒரு விதியை மாத்திரம் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும். நான்கில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று எண்ணி நகர்த்தக்கூடாது. "ஐந்து, ஆறு" என்று பெட்டியின் எண்ணைச் சொல்லியே நகர்த்த வேண்டும். பயன் இந்த விதியிலேயே தங்கியிருக்கின்றது. எண் பெரிதாகப் பெரிதாகத் தூரமும் கூடுகின்றது என்பதைக் கண்ணும் வாயும் கையும் சேர்ந்து கற்றுக்கொள்கின்றன. பெரிய பிள்ளைகள் நூறு வரை எண்ணிட்ட பாம்பும் ஏணியும் மட்டையிலும் இதே விதியுடன் ஆடலாம்.

ஏழாம், எட்டாம் தரப் பிள்ளைகளைக் குழப்பும் மறை எண்களுக்கும் ஒரு வழி உண்டு. முற்றத்தில் நீண்ட கோடு ஒன்றைக் கீறி நடுவில் பூச்சியம் இடுங்கள். வலப்பக்கம் கைவசப் பணம், இடப்பக்கம் கடன். இரு பக்கமும் பத்து வரை எண்கள். துண்டுக் கடதாசிகளில் "3 வரவு", "4 கடன்", "2 கடன் தள்ளுபடி" என்றவாறு எழுதிக் குலுக்கி எடுக்கச் செய்யுங்கள். வரவு வந்தால் வலப்பக்கம், கடன் வந்தால் இடப்பக்கம் நடக்க வேண்டும். கடன் தள்ளுபடியானால் எப்பக்கம்? பிள்ளை தயங்காமல் வலப்பக்கம் நடக்கும். கடன் குறைவது வரவுக்குச் சமம் என்பதை நம் வீடுகளில் அறியாத பிள்ளை இல்லை. மறை எண்ணைக் கழித்தால் ஏன் கூடுகின்றது என்று கரும்பலகையில் விளங்காதது, முற்றத்தில் விளங்கிவிடுகின்றது. ஒவ்வொரு நடைக்கும் உரிய கணக்கை நிலத்தில் எழுதச் செய்ய மறவாதீர்கள்.

பின்னத்துக்குக் காணியே போதும். ஒரு ஏக்கர் நான்கு றூட். ஒரு றூட் நாற்பது பேர்ச். ஆகவே ஏக்கர் ஒன்று 160 பேர்ச். சதுரக் கடதாசியை ஏக்கராகக் கொண்டு, அரை, கால், அரைக்கால் என்று மடித்து, ஒவ்வொன்றும் எத்தனை பேர்ச் என்று கேளுங்கள். காணி கைக்கு இன்னும் வராவிட்டாலும், அதன் அளவையும் உறுதியில் எழுதியுள்ளதையும் பிள்ளை வாசித்து விளங்கிக்கொள்வது பிற்காலத்தில் பயன்படும்.

முடிவாக

கணிதம் தெரிந்த பிள்ளை பரீட்சையில் சித்தியடைவது ஒரு நன்மை. நிறுவையில் ஏமாறாது இருப்பதும், வட்டி எவ்வளவு ஏறுகின்றது என்று கையெழுத்திடுமுன் அறிவதும், மருந்து தெளிக்கும் அளவைப் பிழையின்றிக் கலப்பதும் அதற்குக் குறைந்த நன்மைகள் அல்ல. இடம்பெயர்ந்து போகும்போது காணியைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. கற்ற கணக்கை எவரும் விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை.

விளையாட்டு ஒரு கருவி. மண்வெட்டியைப் போல அதுவும் பிடிப்பவர் கையிலே தங்கியிருக்கின்றது. கால்மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, "என்னண்டு வந்தது?" என்று கேட்கும் பெரியவர் ஒருவர் எல்லா வீடுகளிலும் இருக்க முடியும்.

கிராமக் குழுக்களில் கலந்துரையாடுவதற்கு:

1. நமது கிராமத்தில் பாடசாலையைத் தவறவிட்ட பிள்ளைகள் யார்? கணிதத்தில் எந்தப் படியில் நின்றுவிட்டார்கள்?

2. மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டி வைத்திருக்கத்தக்க இடம் எது? அப்பொறுப்பை ஏற்கத்தக்க இளைஞர், யுவதிகள் யார்?

3. வயலிலும் சந்தையிலும் நம் பிள்ளைகள் செய்யும் கணக்குகள் எவை? அவற்றுள் மூன்றைத் தெரிந்து, விளையாட்டாக மாற்றி அமைத்துப் பாருங்கள்.